பால்கனிக்கு மட்டும் பெயிண்ட் இல்லை

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

மதுரை அத்தை: நாளை பெயிண்டர் வருகிறார். பால்கனியில் துணி காயப்போடும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டிக் குஞ்சும் பொரித்திருக்கிறது. என்ன செய்ய?

சித்தி: கூட்டை எடுத்துக் கீழே மாதுளையில் கட்டிவிடுங்கள் மதனி. நிச்சயத்துக்கு இருபது நாள்தான் இருக்கிறது.

நான்: வேண்டாம் அத்தை. தாய் பழைய இடத்துக்கே வந்து தேடும். எப்போது பொரித்தது?

மதுரை அத்தை: வியாழக்கிழமை. அன்றிலிருந்துதான் ஆண் சிட்டும் இரையோடு வருகிறது. கூடு கட்டியது, அடைகாத்தது எல்லாம் அவள் ஒருத்திதான்.

அம்மா: எல்லா வீட்டிலும் அதே கதை.

அப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

நான்: அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னொரு இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு வரை பொறுங்கள்.

மதுரை அத்தை: தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ குப்பை தொங்குவது போல இருக்கிறது. காய்ந்த நார், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம்கூட ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வாசல், மழைக்கு மறைப்பாக மேலே ஒரு சின்னத் தாழ்வாரம். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது சிலந்தி நூல்.

சித்தி: உங்கள் வீட்டில் ஒட்டடைக்கா பஞ்சம்!

மதுரை அத்தை: அதை அடிக்கத்தான் ஆள் வருகிறார்.

சித்தப்பா: அக்கா, 2020-இல் எங்கள் சிவகங்கைப் பக்கம் பொத்தக்குடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் விளக்கே போடாமல் ஊர் இருட்டில் இருந்தது. உங்களுக்கு ஒரு பால்கனிதானே?

மதுரை அத்தை: சரி, பால்கனியைக் கடைசியில் அடிக்கச் சொல்கிறேன்.

வியாழன்

மதுரை அத்தை: தேன் குடிக்கிற பறவைதானே இது? அலகில் சிலந்தியும் பூச்சியுமாகக் கொண்டுவருகிறது.

நான்: தேனில் வெறும் சர்க்கரைதான் அத்தை. குஞ்சு வளரப் புரதம் வேண்டும்.

மதுரை அத்தை: இன்னொன்று. இரை வாங்கியதும் குஞ்சு திரும்பிக்கொண்டு வாசல் பக்கம் பின்புறத்தைக் காட்டியது. தாய் ஒரு வெள்ளைப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

நான்: எச்சம்தான். மேலே சவ்வு மூடியிருக்கும், ஒழுகாது. கூடு நனையாமல் இருக்கும்.

அம்மா: இவனுக்கு நான் கட்டிய துணிகளை நினைத்துப் பார்க்கிறேன்.

தம்பி: அம்மா!! அத்தை, ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

மதுரை அத்தை: மாட்டேன். நான் போனைத் தூக்கிக்கொண்டு நின்றால் எதிர்மாடிக் காக்கையும் நான் பார்க்கிற இடத்தையே பார்க்கிறது.

ஞாயிறு (பத்து நாள் கழித்து)

தம்பி: அத்தை வீட்டில் இருக்கிறேன். பால்கனித் தரையில் ஒரு குஞ்சு கிடக்கிறது! வாயில் தண்ணீர் விடட்டுமா?

நான்: விடாதே, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இறகு முளைத்திருக்கிறதா?

தம்பி: உடம்பு முழுக்க. வால் மட்டும் குட்டை.

நான்: அப்படியானால் பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாதபடி தொட்டிச் செடிக் கிளையில் வைத்துவிட்டு உள்ளே போ.

சித்தி: மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்களே?

நான்: சும்மா பேச்சு சித்தி. வளர்த்த குஞ்சை அப்படி எளிதில் விட்டுவிடாது. நாம் பக்கத்தில் நின்றால்தான் வரப் பயப்படும்.

தம்பி: இருபது நிமிடமாகக் கதவிடுக்கில் நிற்கிறேன். வந்துவிட்டது! ஊட்டுகிறது!

புதன்

மதுரை அத்தை: இரண்டும் பறந்துவிட்டன. பெயிண்டரைக் கூப்பிட்டால் வேறு வேலை பிடித்துவிட்டாராம், அடுத்த மாதம்தான் வருவாராம்.

சித்தி: சனிக்கிழமை நிச்சயம், மதனி!

மதுரை அத்தை: தெரியும். போட்டோ எடுப்பவரிடம் யாராவது சொல்லிவையுங்கள், பால்கனிப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.