குரங்க புடிச்சி லொறியில ஏத்திட்டு போறதுக்கு விதிய தளர்த்தினா நம்ம தோட்டப்பக்கம் என்ன ஆகும்?

நானுஓயா_லயம்:
வணக்கம் எல்லாருக்கும். டவுன்ல குரங்கு தொல்லை கூடிருச்சி, கூண்டு வச்சி புடிச்சி வேற காட்டுல கொண்டுபோய் விடுறதுக்கு இருக்கிற கட்டுப்பாட்ட தளர்த்தணும்னு எங்க பக்கம் எல்லாரும் கதைக்கிறாங்க, நம்ம பொடியங்களும் அதுதான் சரின்னு நிக்கிறாங்க. எனக்கும் கோவம் இருக்கு. நாங்க இருக்கிற தேயிலைத் தோட்ட லயத்துக்கு, அதான் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னாடி நாலு பாத்தி போஞ்சி, கொஞ்சம் கிழங்கு, ஒரு கொய்யா மரம், அவ்வளவுதான் எங்க சொத்து. காலையில வேலை பிரிக்கிற பெரட்டு முடிஞ்சி நாங்க கொழுந்தெடுக்க மலை ஏறின ஒடனே எறங்கிடுதுங்க, சாயந்தரம் வந்து பாத்தா போஞ்சி கொடியோட கெடக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். ரெண்டு மாசத்துக்கு முன்னால ராத்திரி ஒரு லொறி வந்து மேல்மலை காட்டோரமா கூண்ட தொறந்து விட்டுட்டு போச்சி, யாரு அனுப்புனதுன்னு தெரியாது, அதுக்கப்புறம்தான் எங்களுக்கு தொல்லை ரெண்டு மடங்காச்சி. இப்பவே இப்பிடின்னா விதி மாறினா? சட்டம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

கெசட்_வாசகன்:
அடிப்படை சட்டம் 1937ம் வருஷத்து 2ம் இலக்க விலங்கின தாவரப் பாதுகாப்பு கட்டளைச் சட்டம், 2009ல 22ம் இலக்க சட்டத்தால பெரிய திருத்தம் வந்திச்சி. குரங்கு அந்த சட்டத்துல பாதுகாக்கிற மிருகங்களோட பட்டியல்ல இருக்கா இல்லையாங்கிறத மட்டும் புடிச்சிக்கிட்டு சண்டை போடுறாங்க, எங்க கொண்டுபோய் விடுறாங்கங்கிறத யாரும் கேக்குறதில்ல. ஹோர்டன் சமவெளி தேசிய பூங்கா, ஹக்கல கடும் ஒதுக்கு காடு, இதுக்குள்ள அனுமதி இல்லாம கால் வைக்கிறதே குத்தம், அப்ப லொறியோட போய் கூண்டு தொறக்கிறது எப்பிடி சரியாகும்? அதனால அவங்க காட்டுக்கு உள்ள போகமாட்டாங்க, தேயிலையும் காடும் ஒட்டுற விளிம்புல எறக்கிட்டு திரும்பிடுவாங்க, அந்த விளிம்புலதான் நம்ம லயம் இருக்கு.

2023ல சீனாவுக்கு ஒரு லட்சம் செங்குரங்கு அனுப்புற பேச்சு வந்திச்சே, அது நீதிமன்றம் வரைக்கும் போச்சி, அனுப்பமாட்டோம்னு அரசாங்கத் தரப்புல அங்க சொன்னாங்க. கேள்வி கேட்டா நிக்குது, அதுக்காக சொல்றேன்.

பேராதனை_மாணவி:
அண்ணே, நான் விலங்கியல் படிக்கிறேன், வீடு பண்டாரவளைப் பக்கம். செங்குரங்கு இலங்கையில மட்டும்தான் இருக்கு, உலக அளவுல அழியிற ஆபத்துல இருக்கிற இனம், நம்ம தோட்டத்துல கூட்டம் கூட்டமா தெரியிறதால இது நம்ப கஷ்டமாத்தான் இருக்கும். பொலன்னறுவையில 1968ல இருந்து ஒரே கூட்டங்கள தொடர்ந்து பாத்துக்கிட்டு வர்றாங்க. பொட்டைங்க பொறந்த கூட்டத்துலயே சாகுற வரைக்கும் இருக்கும், கடுவன்தான் வளந்தா வேற கூட்டம் தேடி போகும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதோட எல்லை இருக்கு. இத பிச்சி கூண்டுல அடைச்சி புது காட்டுல விட்டா அங்க இருக்கிற கூட்டம் வெரட்டும், அது மரத்துக்கு மரம் பாஞ்சி கடைசியில சோறு மணக்கிற எடத்துக்குத்தான் வரும்.

இன்னொண்ணு, மலையில இருக்கிறது ரோமம் நீளமா வளர்ற தனி உள்ளினம். கீழ்நாட்டுல புடிச்சத இங்க கொண்டாந்து விட்டா ரெண்டும் கலக்கும், நோயும் சேந்து வரும். டவுன்ல குப்பைய மூடி வைக்காம லொறிக்கு மட்டும் டீசல் ஊத்தி என்ன பிரயோசனம்?

மஸ்கெலியா_மழை:
தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் வேற ஒண்ணு சொல்றேன். தொல்லை கூடினா எங்காளுங்க கம்பி சுருக்கு வைப்பாங்க, காட்டுப்பன்னிக்குன்னுதான் வைக்கிறது ஆனா மாட்டுறது சிறுத்தை. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்துல கம்பியோட மாட்டிச்சி, உடவளவைக்கு கொண்டுபோய் வைத்தியம் பாத்தும் சில நாள்ல செத்துப்போச்சி. அத நெனச்சா இன்னும் வயிறு எரியுது. குரங்க திங்கிறதே சிறுத்தைதானே, அதையும் நாமளே கொன்னுட்டு குரங்கு கூடிருச்சின்னு அழுறோம். கம்பி வைக்கிறவன நான் நியாயப்படுத்தல, ஆனா அவன் போஞ்சிக்கு நட்டஈடு கேட்டு போனா காணி உறுதி கேக்குறாங்க, எனக்கே நடந்திச்சி, லயத்து காம்பராவுக்கு எங்க இருக்கு உறுதி? ஃபாரத்த வாங்காமலே அனுப்பிட்டாங்க.

நானுஓயா_லயம்:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி, தங்கச்சி. 2025 மார்ச் 15 காலையில 8 மணிக்கு 5 நிமிஷம் நாடு பூரா குரங்கு மயில் எல்லாம் எண்ணச் சொன்னாங்களே, அந்த நேரம் எங்க லயத்துல பாதி பேரு மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு இருந்தோம், யாரு எண்ணுனது? விதி மாத்தினாலும் இப்பிடித்தான் நம்மள கேக்காம மாத்திடுவாங்க. எங்க எறக்குறாங்கன்னு கிராம சேவகருக்கும் தோட்டத்துக்கும் முன்கூட்டியே எழுத்துல சொல்லாம ஒரு கூண்டும் ஏறக்கூடாதுன்னு பிரதேச செயலகத்துக்கு தமிழ்ல ஒரு கடிதம் எழுதலாம்னு இருக்கேன், லயத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குவேன். யார்கிட்டயாவது மாதிரி கடிதம் இருக்கா?

கெசட்_வாசகன்:
நாளைக்கு எழுதி போடுறேன் அண்ணே. அதுவரைக்கும் திரும்ப லொறி வந்தா நம்பர எழுதி வைங்க, முடிஞ்சா தூரத்துல இருந்து போட்டோ எடுங்க, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992ங்கிற நம்பருக்கு ஒடனே கோல் எடுங்க. தனியா போய் லொறிய மறிக்க வேணாம்.