புதுப்பிப்பு: ஸ்கை, ஹாரிஸ் பயணம்
ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் பாலத்தில் போவதா, ஃபெரியில் (கார் ஏற்றும் படகில்) போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று. பாலத்தில் 2004-லிருந்து சுங்கமே இல்லை என்றாலும், ஆசைக்கு மாலெய்க் துறைமுகத்தில் காரோடு ஃபெரி ஏறினோம்.

ஸ்கையின் யூயிக் துறைமுகத்திலிருந்து ஹாரிஸுக்குப் போகும் ஃபெரியில் காருக்கு முன்பதிவு அவசியம் என்றவர்களுக்கு நன்றி. ஆனால் காற்றுக்கு முன்பதிவு தெரியாதே! காலை ஃபெரி ரத்து, மாலைதான் கிளம்பினோம்.

ஹாரிஸில் ஒரு வண்டி மட்டுமே போகும் சாலைகள். ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட்டால், எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்வார். இரண்டாம் நாளில் என் விரலும் தானாக எழுந்தது. ஆடுகள் மட்டும் யாருக்கும் ஒதுங்குவதில்லை.

அப்புறம், ஹாரிஸும் அதற்கு வடக்கே உள்ள லூயிஸும் ஒரே தீவுதான். நடுவில் ஃபெரி தேடாதீர்கள். நான் தேடினேன்.