மாடியில் இரண்டாவது ரவுட்டர்: சிக்னல் முழுசாக இருக்கிறது, நெட் இல்லை

மாடிவீட்டு மருமகள்:
மொரீஷியஸ், காத்ர் போர்ன். கீழே மாமனார் மாமியார், மாடியில் நாங்கள். ஃபைபர் ரவுட்டர் கீழே ஹாலில். வைஃபை மாடிக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. அதனால் பழைய ரவுட்டர் ஒன்றை மாடியில் வைத்து, கீழிருந்து ஜன்னல் வழியாக கேபிள் இழுத்துச் செருகினேன். முதல் நாள் பிரமாதம். மறுநாள் என் லேப்டாப்பில் வந்தது, பையன் கம்ப்யூட்டரில் வரவில்லை. அணைத்துப் போட்டால் தலைகீழ். இப்போது கீழேயும் அறுந்து அறுந்து போகிறது. மாமியார் என்னைக் கண்டாலே "பா பே மார்சே" என்கிறார். வேலை செய்யவில்லையாம். இந்த ஊர் மொழியான கிரியோலில் என் பாடம் இப்படித்தான் நடக்கிறது.

ரோஸ்ஹில் தம்பி:
வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிப் படிக்கட்டில் வையுங்கள் அக்கா.

பழைய வயர்மேன்:
எதற்குத் தம்பி, கேபிள்தான் இருக்கிறதே. 1960இல் காரோல் புயல் அடித்த பிறகு இங்கே ஊரெல்லாம் கான்கிரீட் வீடு. கம்பி கட்டிய தளத்தை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை ஏதோ தாண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் திணறும். மருமகளே, மாடி ரவுட்டரில் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது?

மாடிவீட்டு மருமகள்:
நாலு மஞ்சள் துளைகளில் ஒன்றில், அண்ணா. இரண்டு பெட்டியிலும் 192.168.1.1 என்று ஒட்டியிருக்கிறது.

பழைய வயர்மேன்:
பிடித்தாயிற்று. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண். போதாததற்கு இரண்டுமே டிஎச்சிபி (DHCP), அதாவது கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை நடத்துகின்றன, ஒரே முகவரியை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடும். மாடிப் பெட்டியிடம் போய்ச் சேர்ந்தவருக்கு முட்டுச்சந்துதான்.

கேபிளைக் கழற்றிவிட்டு, மாடி ரவுட்டரை மட்டும் லேப்டாப்போடு இணையுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், டிஎச்சிபியை அணையுங்கள், சேமியுங்கள். அப்புறம் கேபிளை அதே மஞ்சள் துளையில் போடலாம். மாடி ரவுட்டரில் WAN என்று இருக்கும், வெளி இணைய இணைப்புக்கான துளை காலியாகவே இருக்கட்டும். கம்ப்யூட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பழைய முகவரியை விடாமல் பிடித்திருக்கும்.

ரோஸ்ஹில் தம்பி:
கீழ் ரவுட்டர் அந்த .2ஐ வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் பாருங்கள். டிஎச்சிபி கொடுக்கும் முகவரிகள் 192.168.1.100இலிருந்து தொடங்கட்டும்.

மாடிவீட்டு மருமகள்:
சரியாகிவிட்டது! கீழே இருக்கும் பிரிண்டர்கூட மாடியில் தெரிகிறது. கேபிளுக்காக ஜன்னல் முழுசாக மூடாமல் கிடக்கிறதே, புயல் வந்தால்?

பழைய வயர்மேன்:
அதற்குள் சுவரில் துளை போட்டு, வெளிப்புறக் கேபிளாக மாற்றுங்கள். வீட்டுக்குள் போடும் கேபிளின் தோல் வெயிலில் வெடிக்கும். இடி வரும் போலிருந்தால் அதற்கு முன்பே இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள், இடிக்கும்போது தொடாதீர்கள்.