விளக்கு அணைந்திருக்கிறது, சரி. ரிலே திறந்திருக்கிறதா, அதாவது கரண்ட்டைத் துண்டித்திருக்கிறதா? மூன்று இடங்களில் வேலை செய்பவர்களும் ஒரு புதியவரும் பேசியது:

பேட்டரி பெஞ்ச்:

நான் பார்க்கும் சோதனை பெஞ்சில் 400 வோல்ட் டிசி பேட்டரி பேக்கை லோடுடன் இணைப்பது ஒரு லாட்ச்சிங் ரிலே, அதாவது மாற்றிவிட்ட நிலையிலேயே நிற்கும் மின் சுவிட்ச். சாதாரண ரிலே என்றால் சோதனை முடியும்வரை அதை இயக்கும் காயிலுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், காயிலும் சூடாகும். இதற்கு ஒரு பல்ஸ் போதும், உள்ளே இருக்கும் நிரந்தரக் காந்தம் பிடித்துக்கொள்ளும். வசதிதான். வில்லங்கமும் அதிலேயே இருக்கிறது: கண்ட்ரோல் சப்ளை போனாலும் ரிலே இருந்த நிலையிலேயே உட்கார்ந்திருக்கும்.

பெஞ்சைக் கட்டியவர்கள் பேனல் விளக்கை கண்ட்ரோலர் கார்டிலிருந்து எடுத்திருந்தார்கள். ரிலேயை மூடும் செட் பல்ஸ் போனால் சிவப்பு எரியும், திறக்கும் ரீசெட் போனால் அணையும். ஒரு நாள் 24 வோல்ட் கண்ட்ரோல் சப்ளை போய்த் திரும்பி வந்தது. கார்டு புதிதாகத் தொடங்கி, ரிலே திறந்திருப்பதாக அதுவே முடிவு செய்துகொண்டது. சிவப்பு எரியவில்லை. லோடு கேபிளைக் கழற்றப் போன டெக்னீஷியன், எப்போதும்போல மீட்டர் வைத்துப் பார்த்தார். 392 வோல்ட்.

இப்போது இரண்டு இடத்திலிருந்து தகவல் எடுக்கிறோம். ஒன்று, ரிலேயின் ஆக்ஸிலரி காண்டாக்ட், நிலையைச் சொல்வதற்கென்றே இருக்கும் சின்னத் துணை காண்டாக்ட். ஆனால் லோடு கரண்ட் போகும் மெயின் காண்டாக்ட் வெல்ட் ஆகி ஒட்டிக்கொண்டால் சில ரிலேக்களில் ஆக்ஸிலரி மட்டும் மாறி 'திறந்தாச்சு' என்று சொல்லிவிடும். இரண்டும் இயந்திர ரீதியாகப் பிணைந்திருந்தால்தான் அதை நம்பலாம். வாங்கும்போதே டேட்டாஷீட்டில் மிரர் காண்டாக்ட் என்று இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, லோடு பக்கம் நேரடியாக வோல்டேஜைப் பார்க்கும் ஆப்டோகப்ளர், உள்ளே ஒரு எல்இடியின் ஒளி வழியாகவே மறுபக்கத்துக்குத் தகவல் தரும் பாகம். அதற்கு முன்னால் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் நான்கு தொடராக, மொத்தம் 188 கிலோ ஓம். 400 வோல்ட்டில் சுமார் 2.1 மில்லிஆம்பியர் ஓடும். ஒவ்வொன்றிலும் 100 வோல்ட், 0.21 வாட், அரை வாட் ரெசிஸ்டர் போட்டிருக்கிறோம். நான்குக்குப் பதில் ஒரே 188 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் என்ன என்று கேட்பார்கள். வாட் சரியாக இருந்தாலும், சின்ன ரெசிஸ்டர்களில் பல 250 வோல்ட்டுக்கு மேல் தாங்க உத்தரவாதம் இல்லாதவை. ஆப்டோவின் எல்இடி தலைகீழ் வோல்டேஜை அதிகம் தாங்காது, அதற்கு எதிர்த்திசையில் ஒரு டயோடு. 2 மில்லிஆம்பியருக்கே வேலை செய்யும் வகையாக ஆப்டோவைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம்.

ரிலே திறந்த பிறகும் லோடு பக்கக் கப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும் வரை ஆப்டோ 'வோல்டேஜ் இருக்கிறது' என்றே சொல்லும். சிலர் இதைக் குறை என்கிறார்கள். கை வைக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதானே!

துணைமின் நிலையம்:

எங்கள் பக்கம் இந்த லாட்ச்சிங் ரிலேக்கு அண்ணன் ஒருவர் உண்டு, 86 என்ற எண்ணால் அழைக்கப்படும் மாஸ்டர் ட்ரிப் ரிலே. டிரான்ஸ்ஃபார்மரின் உள்கோளாறைக் கண்டுபிடிக்கும் டிஃபரன்ஷியல் ரிலேயோ புக்கோல்ஸ் ரிலேயோ வேலை செய்தால் 86 லாட்ச் ஆகும், இரண்டு பக்கப் பிரேக்கரும் விழும். கையால் ரீசெட் செய்யாமல் டிரான்ஸ்ஃபார்மருக்கு மறுபடி மின்சாரம் கொடுக்க முடியாது. அது வேலை செய்ததைக் காட்டும் கொடி இயந்திரக் கொடி என்பதால், 110 வோல்ட் டிசி கண்ட்ரோல் சப்ளை முழுவதும் போனாலும் விழுந்த கொடி விழுந்தபடியே நிற்கும். அதைவிட நம்பகமான இண்டிகேஷனை நான் பார்த்ததில்லை.

விளக்குக் கதை வேறு. பேனலில் பல்பு விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் பிரேக்கர் ஆஃபில் இருக்கிறது, ஆஃபைக் காட்டும் பச்சை எரிகிறது, கூடவே ஆனைக் காட்டும் சிவப்பும் மங்கலாக. யார்டு டெர்மினல் பெட்டியில் ஈரம், அதன் வழியாகக் கசிவு. பழைய பல்பு எரியப் பல மில்லிஆம்பியர் வேண்டும், கசிவெல்லாம் அதன் கண்ணில் படாது. எல்இடிக்கு ஒரு மில்லிஆம்பியருக்குக் கீழேயே போதும். பெட்டியை உலர்த்தி, விளக்குக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் போட்ட பிறகு சரியானது.

மீட்டர் லேப்:

ஸ்மார்ட் மீட்டருக்குள் வீட்டு சப்ளையைத் துண்டிக்க இருப்பதும் லாட்ச்சிங் ரிலேதான். நிஜமாகத் திறந்ததா என்று பார்க்க லோடு பக்க வோல்டேஜை அளப்பது ஒரு வழி. வீட்டில் ஜெனரேட்டர் இருந்து, மெயின் சப்ளைக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒழுங்காக இல்லையென்றால் ரிலே திறந்த பிறகும் அந்தப் பக்கம் 230 வோல்ட் நிற்கும். பிசகு ரிலேயிலா வெளியிலா என்று சொல்ல வோல்டேஜ் மட்டும் போதாது. சப்ளை பக்கத்தோடு ஃபேஸும் ஃப்ரீக்வென்சியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதியவர்:

இவ்வளவு எதற்கு சார்? பவர் வந்ததும் கார்டு ஒரு ரீசெட் பல்ஸ் அனுப்பிவிட்டால் நிலை தெரிந்துவிடுமே?

பேட்டரி பெஞ்ச்:

புது ரிலேக்கு அது அவசியம் தம்பி. வண்டியில் வரும் அதிர்ச்சியில் நிலை மாறியிருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பெஞ்சில் கண்மூடித்தனமாக அனுப்பாதீர்கள். முழு லோடு கரண்ட் போகும்போது திறந்தால், டிசி என்பதால் ஆர்க் லேசில் அணையாது. ஏசி போல கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போகும் நேரமே இதில் இல்லை. காண்டாக்ட் கருகும், ஒட்டவும் செய்யும். அப்புறம் ரீசெட் அனுப்பியும் திறக்காத ரிலேயைத் திறந்ததாகக் காட்டுவோம்.

எங்கள் கார்டு தொடங்கியதும் முதலில் ஆக்ஸிலரியையும் ஆப்டோவையும் படிக்கும். மூடியிருந்தால் லோடை இறக்கச் சொல்லும், கரண்ட் குறைந்ததை, கரண்ட்டை அளக்கும் ஷண்ட்டில் பார்த்த பிறகே ரீசெட் அனுப்பும். இரண்டு தகவலும் ஒத்துப்போகாத வரை மஞ்சள் மின்னும். திறந்திருக்கிறது என்பதைக் காட்டவும் பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று வைத்திருக்கிறோம், எந்த விளக்குமே எரியாவிட்டால் அது கோளாறு, கதவைத் திறக்கக் கூடாது.