முதல் பிரசவம் சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா?

கயல்:
தோழிகளே, எனக்கு ஏழாம் மாதம். மூத்தவனுக்கு மூன்று வயது. அவன் தலை திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்ததால் சிசேரியன் செய்தார்கள். இந்த முறை சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாமா என்று கேட்டால், ‘ரிஸ்க்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் டாக்டர். மாமியார் நாள் குறிக்க ஜோசியரிடமே போய்விட்டார். உண்மையிலேயே முடியாதா?

லேபர்வார்டு அக்கா:
நர்ஸாக இருக்கிறேன் கயல். முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடும்மா. வயிற்றுத் தழும்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, கர்ப்பப்பையில் எங்கே வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று இருந்தால் கீழ்ப்பகுதியில் வெட்டியது. பெரும்பாலும் குறுக்கு வெட்டுதான். மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் பேச்சே இல்லை, ஆபரேஷன்தான்.

குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் என்றால், முயன்றவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்கு சுகப்பிரசவம் ஆகிறது என்கிறது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் காலேஜ் 2015இல் தந்த வழிகாட்டுதல். உனக்கு இடுப்பு போதாமல் கத்தி வைக்கவில்லை, அதுவும் சாதகம்தான்.

டாக்டர் சொன்ன ரிஸ்க் பொய்யில்லை. ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு வலியின்போது கர்ப்பப்பையின் பழைய தையல் பிரிகிறது. பிரிந்தால் நிமிடக் கணக்குதான். அதனால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்குமா, குழந்தையின் துடிப்பை விடாமல் பார்ப்பார்களா என்று கேள். இல்லை என்றால் வேறு ஆஸ்பத்திரி பார். வலி தானாக வந்தால் நல்லது. மருந்து கொடுத்து வரவழைத்தால் தையல் பிரியும் ஆபத்து இரண்டு, மூன்று மடங்காகிறது. வலியை வரவழைக்க மிசோபிரோஸ்டால் என்ற மாத்திரை கூடவே கூடாது.

தேன்மொழி:
நானும் சுகப்பிரசவத்துக்குத்தான் முயன்றேன். கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்த பிறகு குழந்தையின் துடிப்பு குறைந்து, என்னை தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். முன்பே நாள் குறித்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

லேபர்வார்டு அக்கா:
சரிதான் தேன்மொழி, வலிக்குப் பிறகு அவசரமாகச் செய்யும் சிசேரியனில்தான் சிக்கல் அதிகம். கயல், நாள் குறிப்பதாக இருந்தாலும் 39 வாரத்துக்கு முன்னால் வேண்டாம், ஜோசியர் என்ன சொன்னாலும் சரி. குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம். மூன்றாவது குழந்தை ஆசை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடு. சிசேரியன் கூடக்கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் புதைந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது.