தலைக் கிறிஸ்மஸுக்கு சம்பந்தி வீட்டார் வர்றாங்க, கறி கிடையாது. என்ன சமைக்க?

பாளையங்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஆவணியில கல்யாணம் முடிஞ்சது. மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி டவுன்ல. சுத்த சைவம், முட்டை கூட வீட்டுக்குள்ள ஏறாது. தீபாவளிக்கு எங்களைக் கூப்பிட்டு இலை கொள்ளாம பரிமாறினாங்க. இப்ப தலைக் கிறிஸ்மஸுக்கு நான் அவங்களைக் கூப்பிட்டிருக்கேன். ரெண்டு வீடும் சேர்ந்து 14 பேர்.

எங்க வீட்டுல கிறிஸ்மஸ்னா அதிகாலை ஆராதனை முடிஞ்சு வந்ததும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், மத்தியானம் பிரியாணி. ரெண்டு அடுப்பு மூட்டி ரெண்டு வகையும் செஞ்சிடலாம்ங்கிறார் எங்க வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பல. ஒரே பந்தியில ஒருத்தர் இலையில எலும்பு கிடக்க, பக்கத்து இலையில சம்பந்தியம்மா எப்படிச் சாப்பிடுவாங்க? அன்னைக்கு மத்தியானம் கறி கிடையாதுன்னு சொல்லிட்டேன். அவர் முகம் தூக்கி வச்சிருக்கார், அதை நான் பாத்துக்கிறேன்.

பிரச்சினை என்னன்னா, யோசிச்சா வெஜிடபிள் பிரியாணி, பன்னீர் பட்டர் மசாலா, கோபி 65ன்னுதான் வருது. ரிசப்ஷன் சாப்பாடு மாதிரி இருக்கு. மீல்மேக்கர்ல சுக்கா செய்யலாம்னு தங்கச்சி சொல்றா. போதாததுக்கு மாப்பிள்ளையோட தம்பி மலைக்கு மாலை போட்டிருக்கார். கேக்குக்குப் பழமெல்லாம் அக்டோபர்லயே ரம்ல ஊறப் போட்டாச்சு. யாராவது வழி சொல்லுங்க.

டவுன் மருமகள்:

அக்கா, நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சைவ வீடுதான், அதனால அந்தப் பக்கத்துலேருந்து சொல்றேன். மீல்மேக்கர் சுக்கா வேண்டவே வேண்டாம். கறி தின்னு பழகினவங்களுக்குத்தான் அது பிடிக்கும். பிறந்ததுலேருந்து தொடாதவங்களுக்கு அந்தச் சவைக்கிற பதமே ஒரு மாதிரி இருக்கும். எங்க அத்தை ஒரு கல்யாணத்துல ஒரு துண்டை வாயில வச்சுட்டு, கறிதானோன்னு சந்தேகப்பட்டு எழுந்தே போயிட்டாங்க.

சமையலை விட மத்ததுலதான் கவனம் வேணும். காலையில கறிக்குழம்பு கொதிச்ச வீட்டுல மத்தியானம் வாசம் போகாது. அதனால இட்லிக்கும் அன்னைக்கு சாம்பார்தான், அண்ணன்கிட்ட இதையும் சொல்லிடுங்க. பாத்திரம் வாடகைக்கு எடுத்தா அதுலயும் யாரோ கறி சமைச்சிருப்பாங்க, புதுசா ரெண்டு மூணு வாங்கிடுங்க. பொரிக்கப் புது எண்ணெய். புட்டிங், ஜெல்லி செய்றதா இருந்தா ஜெலட்டின் ஆகாது, அது மாட்டெலும்பு, தோல்லேருந்து எடுக்கிறது. கடல்பாசி போடுங்க. பாக்கெட்ல வாங்குற எதுலயும் பச்சை வட்டம் இருக்கான்னு பாருங்க. நம்ம நாட்டுல முட்டை சேர்ந்திருந்தா பச்சை வட்டம் போட முடியாது.

கரண்டி மாமா:

நாப்பது வருசமா ஆக்குப்புரையில நிக்கிறவன் சொல்றேன், சொதி வைங்கம்மா. மறுவீட்டுல மாப்பிள்ளைக்குப் போடுற சாப்பாடு அது. 14 பேருக்குப் பெரிய தேங்காய் 5, பாசிப்பருப்பு கால் கிலோ. முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி. ரெண்டாம் பால், மூணாம் பால்ல காயை வேக விட்டு, வெந்த பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய் சேத்து, கடைசியா முதல் பாலை ஊத்தி நுரை கட்டும்போதே இறக்கிடணும். கொதிச்சா திரிஞ்சு போகும். எலுமிச்சைச் சாறு இறக்கினப்புறம்தான். கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம், அத்தனை தேங்காய்ப்பால் செரிக்கணும்ல.

டவுன் மருமகள்:

மாமா, சொதி எங்க வீட்டுச் சமையல். சம்பந்தியம்மா ஒரு வாய் வச்சதும் தன் சொதியோட ஒப்பிடத்தான் செய்வாங்க, வாயால சொல்லாட்டாலும். கிறிஸ்மஸுக்கு வந்தவங்களுக்குக் கிறிஸ்மஸ் வீட்டுச் சாப்பாடு போட வேண்டாமா? அக்கா, உங்க வீட்டுல கறி சேராம எது நல்லா வரும்?

பாளையங்கோட்டைக்காரி:

நல்லாக் கேட்டீங்க. தேங்காய்ப்பால் சோறு நல்லா வரும். பட்டை, கிராம்பு, புதினா போட்டு எங்கம்மா சொல்லிக் கொடுத்தது. முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் எப்பவும் செய்றதுதான். ஆனா அச்சு முறுக்கு மாவுல நான் முட்டை உடைச்சு ஊத்துவேன், இப்பத்தான் உறைக்குது. சேனைக்கிழங்கை மீன் மசாலாவுல வறுப்பேன், பிள்ளைகளுக்கு உயிர்.

அடுப்பங்கரை:

அச்சு முறுக்குக்கு முட்டையே தேவையில்ல. பச்சரிசி மாவு ரெண்டு பங்குக்கு மைதா ஒரு பங்கு, சர்க்கரை, தேங்காய்ப்பால், எள். அச்சு எண்ணெய்லயே கிடந்து நல்லாச் சூடேறினாத்தான் மாவு விட்டுக் கழலும்.

ரம்ல ஊறின பழம் வேற நாளைக்கு இருக்கட்டும். புதுசா கொஞ்சம் உலர்பழம் ஆரஞ்சுச் சாறுல ஊற வச்சு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜுல வைங்க. மைதா 250 கிராம், வெண்ணெய் 125, கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம் டின் ஒண்ணு, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், மாவு இளகுற அளவுக்குப் பால். கருக்கின சர்க்கரைத் தண்ணி விட்டா நிறம் வந்துடும். முட்டை கேக்கை விடக் கொஞ்சம் உதிரும், முந்தின நாளே சுட்டு வச்சா வெட்ட வரும்.

சேனையைப் புளித்தண்ணியும் மஞ்சளும் விட்டு முக்கால் வேக்காடு வேக விடுங்க, நாக்கு அரிக்காது. மிளகு, சோம்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் அரிசி மாவு தடவி தோசைக்கல்லுல போடுங்க. தயவுசெஞ்சு பந்தியில "மீன் மசாலா"ன்னு சொல்லிடாதீங்க.

குருசாமி பேரன்:

மாலை போட்டவர் பத்தி. கார்த்திகை ஒண்ணாந்தேதி போட்டிருந்தா 41 நாள் டிசம்பர் 26 வாக்குல தான் முடியும், அதுவும் அவர் எப்ப மலை ஏறுறார்ங்கிறதைப் பொறுத்தது. விரதத்துல நிறைய பேர் வெளி வீட்டுல சாப்பிட மாட்டாங்க, சிலர் வெங்காயம் பூண்டும் சேக்க மாட்டாங்க. நீங்களா யூகிக்காம போன் பண்ணிக் கேட்டுடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சாப்பிடலைன்னா பாலும் பழமும் தனியா வைங்க. வரும்போது "வாங்க சாமி"ன்னு கூப்பிடுங்க, அது போதும்.

பாளையங்கோட்டைக்காரி:

சம்பந்தியம்மாகிட்டப் பேசிட்டேன். சாமி பழம் மட்டும்தான் எடுத்துக்குவாராம். மத்தவங்களுக்கு வெங்காயம் பூண்டு பரவாயில்ல. என்ன கொண்டு வரட்டும்னு அவங்களே கேட்டாங்க, வாய் தவறி "சொதி"ன்னுட்டேன், சந்தோசமா ஒத்துக்கிட்டாங்க. என் பக்கம் தேங்காய்ப்பால் சோறு, மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட குருமா, சேனை வறுவல், தயிர்ப் பச்சடி, அப்பளம், அப்புறம் பலகாரம், கேக். ஆட்டுக்கறி 26ஆம் தேதிக்குத் தள்ளியாச்சு, இவரும் சமாதானம். சோத்துக்கு அரிசி 2 கிலோ போதுமா?

கரண்டி மாமா:

சொதி வேற வருதே, ஒண்ணரை கிலோ போதும். அதுக்குத் தனியா வெள்ளைச் சோறு முக்கால் கிலோ வடிச்சு வைங்க. அந்த அம்மாவை இஞ்சிப் பச்சடியும் கொண்டு வரச் சொல்லுங்க, மறந்துடப் போறாங்க.