‘அமாடியஸ்’: சாலியேரிக்கு அந்தப் படம் இழைத்தது அநியாயமா?

தாளக்கட்டு:
1984இல் மிலோஸ் ஃபோர்மன் இயக்கிய ‘அமாடியஸ்’ படத்தை மறுபடி பார்த்தேன். பொறாமையை இவ்வளவு நெருங்கிக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது. சாலியேரியாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாமுக்கு ஆஸ்கர் கிடைத்ததும் நியாயமே. ஆனாலும் அந்தோனியோ சாலியேரி என்று உண்மையாகவே வாழ்ந்த ஒருவருக்கு அந்தப் படம் பெரிய அநியாயம் செய்திருக்கிறது. படத்தில் அவர் வியன்னா அரசவை இசையமைப்பாளர். இன்னொரு இசையமைப்பாளரான மொட்சார்ட்டின் மேதைமையைக் கண்டு வயிறெரிகிறார். நண்பராக நடித்துக்கொண்டே அவர் வீட்டுக்கு வேலைக்காரப் பெண் ஒருத்தியை உளவு பார்க்க அனுப்புகிறார். கடைசியில் முகமூடி அணிந்து போய், ரெக்வியம் என்னும் இறந்தோருக்கான பூசை இசையை எழுதச் சொல்லி, அந்த நோயாளியின் உயிரை வாங்குகிறார். இப்படி எதுவும் நடக்கவில்லை. ரெக்வியத்தை எழுதச் சொன்னவர் வால்செக் பிரபு, இறந்துபோன தன் மனைவிக்காக. செத்தவர் வந்து மறுக்கவா போகிறார் என்று ஒருவர் பெயர் சொல்லிப் பழி போடலாமா?

இரண்டாம் ஆட்டம்:
பழியைப் போட்டது படம் இல்லை, நண்பரே. சாலியேரி 1825இல் இறந்தார். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830இலேயே அவரை விஷம் வைத்தவராக்கி ஒரு குறுநாடகம் எழுதிவிட்டார். அதை ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1897இல் ஆப்பெராவாக, அதாவது பாட்டாகவே நடக்கும் இசை நாடகமாக எழுதினார்; 1898இல் அது மேடையேறியது. பீட்டர் ஷாஃபரின் நாடகமும் அதிலிருந்து வந்த இந்தப் படமும் ஊரில் உலவிய வதந்தியைத்தான் எடுத்துக்கொண்டன. அதிலும் படத்தின் கதை முழுவதும், மனநோய் விடுதியில் இருக்கும் ஒரு கிழவர் பாதிரியாரிடம் சொல்லும் வாக்குமூலம். அவர் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பு என்று படம் எங்கே கேட்கிறது?

மொட்சார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸ கணவரின் இசைத் தாள்கட்டைக் கொண்டுவரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இவை மூலப்பிரதிகளா என்று சாலியேரி கேட்கிறார். ஆமாம், மூலமே இவைதான், கணவர் படி எடுத்து வைப்பதில்லை என்கிறாள். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டும்போது அந்த இசை அவருக்கு மட்டும் கேட்கிறது. கண்ணை மூடுகிறார், கை தளர்கிறது, தாள்கள் தரையில் கொட்டுகின்றன. மொட்சார்ட்டின் ‘ஃபிகரோ’ ஆப்பெரா நடக்கும்போது கொட்டாவி விடும் பேரரசருக்கு அதில் கால்வாசியாவது கேட்டிருக்குமா? மொட்சார்ட்டை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவரை அழிக்க நினைப்பவர்தான். படம் சொல்ல வந்ததே அதுதான். இதை வெறும் கொலைக் கதையாகச் சுருக்காதீர்கள்.

நிலைக்கண்ணாடி:
நான் தாளக்கட்டு பக்கம். இறப்பதற்கு ஏழு வாரம் முன்பு, 1791 அக்டோபர் 14 அன்று மொட்சார்ட் மனைவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. சாலியேரியைத் தானே தன் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆப்பெராவுக்கு அழைத்துப் போனதையும், தொடக்க இசை முதல் கடைசிக் கூட்டுப்பாட்டு வரை அவர் ஒவ்வொன்றுக்கும் ‘பிராவோ’ சொல்லி ரசித்ததையும் மகிழ்ச்சி பொங்க எழுதியிருக்கிறார். மொட்சார்ட் இறந்த பிறகு அவருடைய இளைய மகனுக்கு இசை கற்பித்தவர்களில் சாலியேரியும் ஒருவர். 1823இல் மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்த பியானோ கலைஞர் மோஷெலெஸிடம், விஷம் வைத்தேன் என்பது பொய் என்று அவரே மறுத்துச் சொன்னார். அந்த மறுப்பு எத்தனை பேருக்குத் தெரியும்? படம் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாம் ஆட்டம்:
அந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? 1781இல் தந்தைக்கு எழுதும்போது, பேரரசரின் கண்ணுக்குச் சாலியேரியைத் தவிர வேறு யாரும் தெரிவதில்லை என்று மொட்சார்ட் குமுறுகிறார். 1789 டிசம்பரில் தனக்குக் கடன் கொடுத்து உதவிய நண்பர் புக்பெர்க்குக்கு எழுதியதில் சாலியேரியின் சூழ்ச்சிகளைப் பற்றிப் பேசுகிறார். நெருப்பில்லாமல் புகை வரவில்லை.

தாளக்கட்டு:
பதவிக்கு நடந்த போட்டி அது. அந்த அரண்மனையில் அதில் இறங்காதவர் யார்? வேலை தேடி அலைந்த மொட்சார்ட்டுக்கு, வேலையில் இருப்பவர் மேல் சந்தேகம் வந்தது இயல்பு. 1785இல் இருவரும் சேர்ந்தே ஒரு பாட்டுக்கு இசையமைத்திருக்கிறார்கள். வெகுகாலம் தொலைந்து போயிருந்த அந்தப் படைப்பு பிராகில் கிடைத்து, 2016இல் வாசிக்கப்பட்டது. இன்னொன்று: படத்தில் சாலியேரி கடவுளிடம் பிரம்மச்சரியம் நேர்ந்துகொண்டவர். உண்மையில் அவருக்கு மனைவியும் எட்டுக் குழந்தைகளும் இருந்தார்கள். குடும்பத்தோடு வாழ்ந்தவரை இப்படி வறட்டு மனிதராக்கினால்தான் பொறாமைக்கு எடுப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆடிப்பெருக்கு:
நீங்கள் மூவரும் படத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள்? 2002இல் ஏறக்குறைய இருபது நிமிடம் கூடுதலாக ஒரு பதிப்பு வந்தது. அதில் கணவனுக்கு வேலை கேட்டு வரும் கான்ஸ்டான்ஸயை இரவில் தனியாக வரச் சொல்லி, ஆடையைக் களைய வைத்து, பிறகு வேலைக்காரனை மணியடித்துக் கூப்பிட்டு வெளியே அனுப்புகிறார் சாலியேரி. என்னால் அந்தப் பதிப்பை ஏற்க முடியவில்லை. அந்த ஒரு காட்சியில் அவர் சாதாரண அயோக்கியர் ஆகிவிடுகிறார். 1984 பதிப்பில்தான் அவர் மேல் நமக்கு இரக்கமும் வருகிறது, பயமும் வருகிறது.

இரண்டாம் ஆட்டம்:
ஆடிப்பெருக்கு சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அந்த இரக்கத்தின் உச்சம் கடைசி இரவு. மொட்சார்ட் படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல, ரெக்வியத்தின் ‘கன்ஃபுடாடிஸ்’ பகுதியைச் சாலியேரி எழுதிக்கொள்கிறார். முதலில் ஆண் குரல்கள், பிறகு ஒவ்வொரு வாத்தியமாகச் சேருகிறது. வேகமாகப் போகிறீர்கள், புரியவில்லை என்று சாலியேரி தடுமாறுகிறார். மறுகணம் புரிகிறது, முகம் மலர்கிறது. விடியும் நேரத்தில், என் இசை உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று மொட்சார்ட் அவரிடமே கேட்கிறார். துரோகியிடம் துரோகத்துக்கு ஆளானவன் மன்னிப்புக் கேட்கிறான்! வரலாற்றில் அப்படி ஓர் இரவு இல்லை என்பது எனக்கும் தெரியும். அந்த மன்னிப்பை ஆபிரகாம் வாங்கிக்கொள்ளும் முகத்துக்காக நான் எந்த வரலாற்றுப் பிழையையும் பொறுத்துக்கொள்வேன். சாலியேரியின் இசை திரும்ப மேடைக்கு வந்ததிலும் இந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. ஆப்பெரா பாடகி சிசிலியா பார்டோலி அவருடைய பாடல்களை மட்டும் பாடி 2003இல் ஒரு தொகுப்பே வெளியிட்டார்.

தாளக்கட்டு:
அந்தக் காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவில் சாலியேரி ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள், நண்பரே. மொட்சார்ட் எழுதிய ரெக்வியத்தை அவருடைய சாவிலேயே, தான் எழுதியதாக அரங்கேற்றிப் பேர் வாங்க வேண்டும் என்பது படத்தில் அவர் போடும் திட்டம். நிஜச் சாலியேரி 1804இல் தனக்கென்று ஒரு ரெக்வியம் எழுதி வைத்தார். 1825இல் அவருக்காக நடந்த நினைவுப் பூசையில் அதைத்தான் வாசித்தார்கள். தன் சாவுக்கான இசையைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போனவரை, அடுத்தவன் ரெக்வியத்தைத் திருடக் காத்திருந்தவராகக் காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல நடிப்பு என்றாலும் இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.